எந்தப் பக்கமும் சேராத மொட்டை மாடி

தேஹு ரோடு என்னும் ராணுவ ஊரில், ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் மூன்று மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில், ஒரு பிப்ரவரி மாதக் காலையில், ஸ்வீடன் நாட்டுப் போர் விமானம் ஒன்று வந்து இறங்கியது. இறங்க அங்கே இடம் போதாது என்பது உண்மைதான். ஆனாலும் இறங்கியது. தண்ணீர்த் தொட்டியில் இடிக்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த போர்வை மட்டும் கீழே விழுந்தது. போர்வை மேல்தளத்தில் தனியாகக் குடியிருந்த ஈனிட் டீச்சருடையது. அவள் மேலே வந்து அதை எடுத்து உதறி மறுபடியும் கொடியில் போட்ட பிறகுதான் விமானத்தைப் பார்த்தாள். தோல் தொப்பி அணிந்த வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் இறக்கையிலிருந்து குதித்து, திக்கித் திக்கி ஆங்கிலத்தில், இது எந்தத் தரப்பின் இடம் என்று கேட்டான். எந்தத் தரப்பும் இல்லை, நான் ஒருத்திதான் இருக்கிறேன் என்றாள் ஈனிட். அவன் தொப்பியைக் கழற்றிவிட்டு, காப்பி கிடைக்குமா என்று கேட்டான்.

அவன் பெயர் லென்னார்ட். உலகப் போர் நடந்தபோது எந்தப் பக்கமும் சேராமல் இருந்த நாடு அவனுடையது. அப்படி இருந்ததால் யாரும் அதற்கு விமானம் விற்க முன்வரவில்லை. விற்பதாகச் சொன்னவர்களும் கடைசியில் கையை விரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அவர்களே ஒன்றைச் செய்துகொண்டார்கள். இரும்புக் குழாய்களால் எலும்புக்கூடு, அதன்மேல் ஒட்டுப்பலகைத் தோல். அதுவரை விமானத்தின் பக்கமே போகாத சின்னச் சின்னப் பட்டறைகள் ஆளுக்கொரு பாகம் செய்து கொடுத்தன. நன்றாகவே பறந்தது. பகைவனைப் பார்த்து ஒரு தடவைகூடச் சுட்டதில்லை என்று லென்னார்ட் சொன்னான்; பெருமையாகச் சொன்னானா வருத்தமாகச் சொன்னானா என்று ஈனிட்டுக்குத் தெரியவில்லை. எல்லையில் காவல் சுற்றும்போது மூடுபனியில் வழி தவறியவன், எந்தத் தரப்பையும் சேராத இடமாகத் தேடிக்கொண்டே பறந்திருக்கிறான். கீழே தெரிந்த ஒவ்வொரு ஊரும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்திருந்ததாம். எண்ணெய் தீரும் நேரத்தில் அகப்பட்டது இந்த மொட்டை மாடி ஒன்றுதான்.

அவன் சொன்னதில் தப்பில்லை. ஈனிட்டின் குடும்பம் பாளையங்கோட்டையிலிருந்து வந்து இரண்டு தலைமுறையாகத் தேஹு ரோட்டில் இருப்பது. அப்பா ஆர்தர் ராணுவக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் நினைவு தப்பி, சுவாசக் கருவியில் கிடந்தபோது, கருவியை எடுத்துவிடலாம், அப்பாவைப் போட்டு வதைக்க வேண்டாம் என்றான் தம்பி ஜெபகுமார். எடுத்தால் அது கொலை என்றாள் தங்கை ஸ்டெல்லா. ஆஸ்பத்திரி வராந்தாவில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் மூத்தவளைப் பார்த்துத் திரும்பினார்கள். நீங்க ரெண்டு பேரும் பேசி எது சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்றாள் ஈனிட். அவர்கள் பேசவில்லை, அப்பா அந்தக் கருவியிலேயே நெடுநாள் இழுத்துக்கொண்டு கிடந்து போனார். தம்பியும் தங்கையும் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். பிறகு ஒரு கல்யாண வீட்டில், பந்தியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி அமைந்து, அழுது சமாதானமானார்கள். சண்டை போட்டவர்களுக்குச் சமாதானமாக ஒரு வழி இருந்தது. சண்டையே போடாதவளோடு எப்படிச் சமாதானமாவது என்று இருவருக்கும் தெரியவில்லை. முதலில் கிறிஸ்துமஸ் கேக் வருவது நின்றது, அப்புறம் போனும் நின்றது.

விமானம் வந்த விஷயம் ராணுவத்துக்கு எட்டி, அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். போரிடும் நாட்டு விமானமாக இருந்தால் பிடித்து வைக்கலாம், நடுநிலை நாட்டு விமானத்தை என்ன செய்வது என்று அவருக்கு மேலிருந்தவர்களுக்கும் தெரியவில்லை. டீச்சருக்கு ஆட்சேபம் இல்லையென்றால் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கீழ்வீட்டுத் தர்மாம்பாள் மாமிக்கும் ஆட்சேபம் இல்லை. “ரெக்கையிலே வடாம் போட்டா நன்னா மொறுமொறுன்னு காயறது. அந்தப் பிள்ளையாண்டான் காக்காயையும் ஓட்டறான்” என்றாள். மழைக்காலத்தில் ஒட்டுப்பலகை ஊறி உப்பியது. ஈனிட் நீலத் தார்ப்பாய் வாங்கிப் போர்த்தினாள். இப்படி மூன்று மழைக்காலம் போயிற்று. லென்னார்டுக்கு ஒரு வயதுகூட ஏறவில்லை. மாலை நேரங்களில் இருவரும் இறக்கையில் உட்கார்ந்து, லோக்கல் ரயில் போவதைப் பார்த்துக்கொண்டு காப்பி குடிப்பார்கள். போரில் இரண்டு பக்கத்து விமானங்களும் எங்கள் நாட்டின் தலைக்கு மேலேதான் போகும், போர் முடிந்ததும் அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ள எவ்வளவோ கதை இருந்திருக்கும், எங்களிடம் என்ன இருக்கிறது என்பான். பதில் சொல்லத் தேவையில்லாத ஓர் ஆள் பக்கத்தில் இருந்ததே அவளுக்குப் போதுமாக இருந்தது.

நாலாவது மழைக்காலம் தொடங்கும்போது ஸ்டெல்லாவின் மகள் சோனியா போன் செய்தாள். ஹிஞ்சேவாடியில் வேலை பார்க்கும் பெண். தமிழ் தட்டுத் தடுமாறி, இந்தி கலந்துதான் வரும். “மம்மிக்குக் கேன்சர், பெரியம்மா. மார்புல. டாக்டர் சரியாகும்னு சொல்றார், மம்மி ட்ரீட்மென்ட் வேண்டவே வேண்டாம்ங்கறாங்க. மாமா டெய்லி வந்து ஜக்டா பண்றார், கத்தறார். நீங்க ஏதாவது சொல்லுங்க நா, ப்ளீஸ்.” அப்பாவை எப்படியாவது வைத்துக்கொள்ள வேண்டுமென்று நின்றவள் இப்போது தன்னை விட்டுவிடச் சொல்கிறாள்; விட்டுவிடலாம் என்றவன் விடமாட்டேன் என்கிறான். ஈனிட் போனை வைத்துவிட்டு மாடிக்குப் போய் விஷயத்தைச் சொன்னாள். லென்னார்ட் வெகுநேரம் என்ஜின் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“போய் என்ன சொல்லப்போகிறீர்கள்?”

“வைத்தியம் பார்க்கத்தான் வேண்டும் என்று.”

“அப்படியானால் இது ஒரு தரப்பின் இடமாகிவிடும். நான் இங்கே நிற்கக் கூடாது.”

“தெரியும்” என்றாள் ஈனிட். அன்றைக்கு அவள் காப்பியில் இரண்டு தடவை சர்க்கரை போட்டாள். அவனும் மிச்சம் வைக்காமல் குடித்தான்.

மறுநாள் பஸ் மாறி மாறி ரஞ்சன்காவ் போய்ச் சேர்ந்தாள். ஸ்டெல்லாவின் புருஷனுக்கு அங்கே தொழிற்பேட்டையில் வேலை. கதவைத் திறந்த ஜெபகுமார் ஒதுங்கி வழி விட்டான். ஸ்டெல்லா கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஈனிட் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போறோம். பக்கத்துல என் வீடு இருக்கு, அங்கன இருந்துக்கிடலாம்.”

ஸ்டெல்லா திரும்பிப் பார்த்தாள். “நீ யாரு சொல்லுததுக்கு? அன்னைக்கு அப்பா கெடக்கும்போது வாயில என்ன வச்சிருந்த?”

“பயம்.”

“இன்னைக்கு?”

“இன்னைக்கும் பயந்தான். அதுக்காக உன்ன விடச் சொல்லுதியா? எந்திரி.”

ஸ்டெல்லா எழுந்து உட்கார்ந்து, அத்தனை வருஷமாகச் சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் கொட்டினாள். கல்நெஞ்சக்காரி என்றாள். நழுவுதவள் என்றாள். நீ வாய் திறக்காததால்தான் அப்பா அப்படிக் கெடந்து போனார் என்றாள். ஜெபகுமார் தடுக்கப் போனான். நீ சும்மா இருடா என்று அக்காமார் இரண்டு பேரும் சேர்ந்து அவனை அதட்டினார்கள். திட்டி முடித்தபோது ஸ்டெல்லாவுக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் கேட்டாள், சோனியா கொண்டுவந்தாள். குடித்துவிட்டு, என் பச்சைச் சேலையை எடுத்து வை, உனக்கு மடிக்கத் தெரியாது, சோனியாவை மடிக்கச் சொல்லு என்றாள்.

ஜெபகுமாரின் காரில் திரும்பும் வழியில், மழை விட்ட வானத்தில் சின்ன விமானம் ஒன்று சாலைக்கு நேர் மேலே தாழப் பறந்து வந்தது. ஒரு இறக்கையைச் சாய்த்து நிமிர்த்திவிட்டு வடமேற்கே போயிற்று. இறக்கையிலிருந்து கொஞ்சம் வடாம் உதிர்ந்து காரின் கண்ணாடியில் விழுந்தது.

“பெரியக்கா, அது என்ன, நம்ம ஏர்ஃபோர்ஸா?” என்றான் ஜெபகுமார்.

“இல்லடா. ஸ்வீடன்.”

அவன் வைப்பரைப் போட்டு வடாத்தைத் தள்ளினான். ஈனிட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஸ்டெல்லா அவள் தோளில் தலை வைத்துத் தூங்கிவிட்டிருந்ததால் அசையாமல் அழ வேண்டியிருந்தது.

வைத்தியம் நீண்டது. ஸ்டெல்லாவின் முடியெல்லாம் கொட்டியது. சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. ரசத்தில் உப்பில்லை என்பதிலிருந்து அப்பா சாவு வரை இருவரும் தினமும் சண்டை போட்டார்கள். ஸ்டெல்லாவைத் தூங்க வைத்த பிறகு சில மாலைகளில் ஈனிட் மேலே போய், காலியான மாடியில், கையில் ஒரே தம்ளரோடு நின்றுவிட்டு வருவாள். குளிர்காலம் வந்தபோது டாக்டர் இனிப் பயமில்லை என்றார். பூனை ரோமம்போல் முடி முளைக்கத் தொடங்கிய ஸ்டெல்லா ஒருநாள் வெயில் காய மாடிப்படி ஏறி வந்தாள். தரையில் பெரிதாகப் படிந்திருந்த எண்ணெய்க் கறையைக் காலால் தேய்த்துப் பார்த்தாள்.

“இது என்ன கறை?”

“விமானம் நின்ன எடம். மூணு வருஷத்துக்கு மேல நின்னுச்சு. நீ வந்த அன்னைக்குத்தான் போச்சு.”

ஸ்டெல்லா கறையைச் சுற்றி ஒரு நடை நடந்து, அதன் நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் அளந்தாள். அப்புறம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு அக்காவிடம் சண்டைக்கு வந்தாள்.

“எனக்கு ஒரு வார்த்தை சொல்லாம, காட்டாம, அதை ஏன் அனுப்புன?”