பல்லுக்குள் இருந்த வயது

மங்களூரில் கரை ஒதுங்கிச் செத்த சினை டால்ஃபினின் ஒரே ஒரு பல் 1962இல் பெங்களூர்க் கல்லூரிக்கு வந்தது. மெல்லிசாகத் தேய்த்து, உள்ளே தெரியும் வளையங்களை எண்ணினால் வயது தெரியும். எண்ணும் முன்பே, ஆய்வகத்தில் உதவிக்கு இருந்த மௌரீன் தேய்த்த தேய்ப்பில் பல் பொடியாகிவிட்டது.

“புரொபசர் சார்கிட்ட பதினேழுன்னு சொல்லிட்டேன்க்கா,” என்றாள், லிங்கராஜபுரத்து வீட்டு இருட்டில், பக்கத்தில் படுத்திருந்த அக்காவிடம். “என் வயசுதான் வாயில வந்துச்சு. சார் நாளைக்குக் கட்டுரைய அச்சுக்கு அனுப்புறாரு.”

“அடிப்பாவி! வயித்துல குட்டியோட செத்ததுக்குமா பொய் வயசு? போய்ச் சொல்லிடு.”

“லேப்லேர்ந்து தொரத்திடுவாருக்கா.”

“தொரத்தட்டுமே.”

மௌரீனுக்கு அழுகை வரவில்லை. பயம்கூட மரத்துப்போயிருந்தது. நகக்கண்ணில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. காலையில் அதைக் கழுவாமலே சாரிடம் போனாள்.