குற்றாலத்துத் துண்டு

“என்னை ஏமாத்துக்காரின்னு குரூப்புல போட்டியாலே?” மணிகண்டபிரபு கடைக்குள் நுழைந்ததுமே நிர்மலாதேவி கேட்டாள். தென்காசியில் பழைய கேமராச் சாமான்கள் விற்கும் அவளுக்கு நல்ல பெயர்தான் முதல். கல்யாணப் போட்டோக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அதைத்தான் அவன் காலையில் கெடுத்திருந்தான்.

“பின்னே என்னக்கா? தூரத்துப் படம் எடுக்குத லென்ஸுன்னு குடுத்தீங்க. எல்லாமே புகை படிஞ்சாப்ல விழுது.”

“என் கண்ணு முன்னால எடுலே.”

வாசலில் ஸ்டாண்டை நிறுத்தி, காசிவிஸ்வநாதர் கோபுரத்தை எடுத்தான். சிலைகள் மங்கலாகத்தான் விழுந்தன. லென்ஸில் கீறல் இருக்கிறதா என்று பார்க்க, அதன் முன்னால் மாட்டியிருந்த ஃபில்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொரு படம் எடுத்தான். கலசங்கள் பளிச்சென்று தெரிந்தன.

ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். எண்ணெய்ப் படலம் மின்னியது.

“குத்தாலத்து அருவிக்கரையில சாரல் பட்டுச்சுக்கா. தோள்ல கெடந்த துண்டால தொடச்சேன்” என்றான் மெதுவாக.

“எண்ணெய் தேச்சுக் குளிச்ச துண்டாலயா? உனக்குத் தலை குளுந்துச்சு, எனக்கு வயிறு எரியுது! நல்லவேளை, சாமியே சாட்சிக்கு நின்னுச்சு.”

அவன் அங்கேயே நின்று குரூப்பில் பேசி அனுப்பினான். “தப்பு எம்மேலதான். அக்கா குடுத்த லென்ஸு சுத்தமா இருக்கு.”

அவளுக்குக் கோபம் ஆறவில்லை. “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருக்கலாம்லா?” என்று திட்டிக்கொண்டே ஃபில்டரைத் துடைத்து மாட்டினாள். பிறகு மெல்லிய புதுத்துணி ஒன்றை அவன் பைக்குள் வைத்தாள்.

“நாளைக்குக் கல்யாணம் எடுக்கணும்லா? அந்தத் துண்டை வீட்லயே போட்டுட்டுப் போ.”