பெண்வீட்டு ஆள்

தன்யாவின் கல்யாணப் புடவையை அவள் வேலை பார்க்கிற கடையிலேயே எடுப்பது என்று முடிவானதில் தன்யாவைத் தவிர எல்லோருக்கும் சந்தோஷம். "மருமகளுக்க கடையாக்கும்" என்று சொல்லிக்கொள்ள மாப்பிள்ளை மனுவின் அம்மா பிரேமகுமாரிக்கு ஒரு பெருமை. ஓணச் சமயத்தில் ஒரு வேன் நிறைய ஆள் வருகிறது என்று சூப்பர்வைசர் மோகனனுக்கு ஒரு தெம்பு. ஆனால் அன்றைக்குப் பட்டுக் கவுண்டரில் கூட வேலை பார்க்கிற ஸ்ரீகலா அக்காதான் நிற்பாள் என்பது தன்யாவுக்குத் தெரியும்.

நின்று நின்றே ஸ்ரீகலாவின் இடது காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. நிற்கக்கூடாது என்று டாக்டர் சொன்னார். நிற்காமல் புடவை விற்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அன்று காலை உடை மாற்றுகிற அறையில் அவள் காலில் சுற்றியிருந்த கட்டை அவிழ்த்தபோது துணி நனைந்திருந்தது. நரம்பு ஒரு இடத்தில் உடைந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"மோகனன் சாருட்ட சொல்லுங்க அக்கா."

"சொன்னா, கால் வலிக்குன்னு சொன்ன லேகாவுக்கு வந்தது எனக்கும் வரும். வீட்டுல போயி இரி, பொறவு கூப்பிடுறேம்னு சொன்னாரு. இதுவரைக்கும் கூப்பிட்டாரா?" ஸ்ரீகலா புதுத் துணியை இறுக்கிக் கட்டி யூனிஃபார்ம் சேலையைக் கீழே இழுத்துவிட்டாள். "நீ ஒண்ணு செய் மக்கா. சட்டுனு ஒரு புடவை எடுத்துட்டுப் போ. எனக்கு அது போரும்."

கவுண்டருக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. வேலை செய்கிறவர்கள் உட்கார இடம் வேண்டும் என்று சட்டம் வந்த பிறகு வாங்கிப் போட்டது. அதன்மேல் பிளவுஸ் துணிப் பெட்டிகள்தான் உட்கார்ந்திருந்தன. அதற்கு நேர் மேலே முதலாளியின் கேமரா.

பத்தரைக்கெல்லாம் மனுவின் ஊரான செங்கலிலிருந்து வேன் வந்துவிட்டது. இறங்கிய பெண்களுக்குத் தலைமை சத்தியபாய், மனுவின் அப்பாவுக்கு மூத்த சகோதரி. அந்தக் குடும்பத்தில் புடவை எடுப்புக்கு ஒரு முறை உண்டு. புடவை முடிவானதும், பில் போடுகிறதுக்கு முன்னால், வந்த பெண்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்து அதைக் கைமாற்ற வேண்டும். கடைசியில் பெண்வீட்டு ஆள் ஒருத்தி மடியில் வாங்க வேண்டும். நின்றுகொண்டு யாரும் தொடக்கூடாது. பெண்வீட்டிலிருந்து வரவேண்டிய ஒரே ஆளான தன்யாவின் சித்தி காய்ச்சலில் படுத்துவிட்டாள் என்று கேட்டதிலிருந்து சத்தியபாய்க்கு முகம் சரியில்லை.

ஸ்ரீகலா முதலில் விரித்தது மெரூன் நிறம், மெல்லிய கரை.

"இது போரும் மாமி," என்றாள் தன்யா.

மனுவின் தங்கை லிஷா வாயைப் பொத்திச் சிரித்தாள். "அண்ணிக்கு கடையை அடைக்க அவசரம்!"

"முதல்ல காட்டினதை எடுத்துட்டுப் போனா நாலுபேரு என்ன சொல்லுவா?" என்றாள் சத்தியபாய். "ஒருநாள் உடுக்கதுதான். ஆனா ஆல்பத்துல ஆயுசு முழுக்கக் கிடக்கும். நீ எடுத்துப் போடு பிள்ளே!"

பிரேமகுமாரி தன்யாவின் காதோடு சொன்னாள்: "மாமி சொல்லும்ப தட்டிப் பேசப்பிடாது மக்கா. வாறதுக்கு முந்தியே பேரு கெட்டுப்போவும்."

புடவைகள் விழ ஆரம்பித்தன. பச்சை, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், பெயர் இல்லாத நிறங்கள். ஒவ்வொன்றும் விரிய ஒரு நொடி போதும். அதைப் பழைய மடிப்பில் மடக்குகிற பாடு தன்யாவுக்குத் தெரியும். மேல் தட்டிலிருந்து எடுக்க ஸ்ரீகலா ஏணியில் ஏறியபோது தன்யா பொறுக்காமல் எழுந்துவிட்டாள்.

"தன்யே, இன்னு நீ கஸ்டமரல்லே? அவிடெ இரிக்கு," என்று மோகனன் சிரித்த முகத்தோடு மலையாளத்தில் தடுத்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தைக் காட்டினார்.

இறங்கி வந்த ஸ்ரீகலா கவுண்டரைப் பிடித்துக்கொண்டாள். உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. செருப்பில்லாத அவள் குதிகாலுக்குப் பக்கத்தில், வெள்ளைத் தரையில், பொட்டு வைத்தது போல ஒரு சிவப்பு.

கவுண்டர் மலைபோல் குவிந்த பிறகு சத்தியபாய் பெருமூச்சு விட்டாள். "அந்த மெரூன் எங்க கிடக்கு? அதுதான் லெட்சணமா இருந்தது."

எல்லோரும் சிரித்தார்கள். ஸ்ரீகலாவும் சிரித்தாள். பெண்கள் வரிசையாக நெருங்கி உட்கார்ந்தார்கள்.

"பெண்வீட்டு ஆளு இல்லாம எப்பிடி?" என்றாள் சத்தியபாய்.

"உண்டு மாமி," என்றாள் தன்யா. "ஸ்ரீகலா அக்கா உண்டு."

"இது சாமான் எடுத்துப் போடுத பொண்ணில்லா?"

"எனக்க அக்காவாக்கும். வேலைக்குச் சேந்த நாள்லேருந்து ஒரே பாத்திரத்துல சோறு திங்கோம்."

சத்தியபாய் ஸ்ரீகலாவை மேலும் கீழும் பார்த்தாள். "செரி. அப்போ இரிக்கணும். நின்னுட்டு வாங்கப்பிடாது."

மோகனன் குறுக்கே வந்தார். "அது ஸ்டாஃப் அம்மா… கடையில ஒரு முறை உண்டு…"

"எங்களுக்கும் முறை உண்டு தம்பி. இது வேண்டாம்னா இந்தத் தெருவுல வேற கடையும் உண்டு. அந்த ஸ்டூலை இஞ்ச எடும்."

மோகனன் கேமராவை ஒருதரம் பார்த்தார், புடவை மலையை ஒருதரம் பார்த்தார். பிறகு பெட்டிகளைத் தானே இறக்கி வைத்தார். ஸ்ரீகலா உட்கார்ந்தாள். காலை நீட்டியபோது அவள் கண் தானாக மூடித் திறந்தது.

மெரூன் புடவை கைமாற ஆரம்பித்தது. தன்யா பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வேகத்தில் போனால் இரண்டு நிமிஷத்தில் ஸ்ரீகலா மடிக்கு வந்துவிடும். அதோடு அவள் எழுந்தாக வேண்டும்.

"மாமி," என்றாள். "ரிசப்ஷனுக்கும் ஒண்ணு பாத்துட்டு, ரெண்டையும் சேத்துக் கைமாத்தினா என்ன?"

சத்தியபாயின் முகம் மலர்ந்தது. "இப்பந்தான் இவ நம்ம குடும்பத்துப் பெண்ணு! எடுத்துப் போடச் சொல்லு!"

ஸ்ரீகலா பதறி எழப்பார்த்தாள். "நீ இரி பிள்ளே," என்று சத்தியபாய் அதட்டினாள். "புடவை பாதி வழியில நிக்கும்ப ஆளு எழும்பப்பிடாது. தம்பி எடுத்துப் போடுவாரு."

தம்பி எடுத்துப் போட்டார். ஏணியிலும் ஏறினார். தன்யா ஒவ்வொன்றையும் பார்த்து, கரை போதாது, நிறம் தூக்கலா இருக்கு, வேறே காட்டுங்க என்றாள். இத்தனை நாளில் கஸ்டமர்கள் தன்னிடம் சொன்ன எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். கவுண்டர் மறைவில் குனிந்து ஸ்ரீகலா காலின் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினாள். பிரேமகுமாரி எல்லோருக்கும் டீ கேட்டாள். ஸ்ரீகலாவுக்கும் ஒன்று வந்தது. அவள் அதை ஊதி ஊதி, கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

லிஷா கொட்டாவி விட்ட பிறகுதான் தன்யா கையிலிருந்த ஒன்றைப் போதும் என்றாள். இரண்டு புடவையும் கைமாறி ஸ்ரீகலாவின் மடியில் விழுந்தன.

"நான் இருந்து மடக்கிட்டு வாறேன்," என்று தன்யா சொல்லிப் பார்த்தாள். கல்யாணப் பெண் கடையில் மடக்கிக்கொண்டு நிற்பதா என்று வேனில் ஏற்றிவிட்டார்கள். கண்ணாடி வழியாக உள்ளே தெரிந்தது. மோகனன் பெட்டிகளை ஸ்டூலில் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். ஸ்ரீகலா எழுந்து நின்று முதல் புடவையை உதறி மடக்கத் தொடங்கியிருந்தாள்.

வேன் கிளம்பியது. "ரெண்டுல எது மக்கா உனக்குப் பிடிச்சது?" என்று பிரேமகுமாரி கேட்டாள்.

"ரெண்டாவது."

"அது என்ன நிறம்? நான் செரியா பாக்கல்லியே."

தன்யாவுக்கும் நினைவு வரவில்லை. பையைத் திறந்துதான் பார்த்தாள்.