காலை ஷிஃப்ட்டின் நாற்பது துப்பாக்கிகள்

என் மாமனார் கிட்டுசாமி, ஹூஸ்டனில் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே அமெரிக்காவை ரிஜெக்ட் செய்துவிட்டார். வீட்டுச் சுவரைத் தட்டிப் பார்த்து, "அட்டைங்க மாப்ளே" என்றார். பாலை முகர்ந்து பார்த்துத் தள்ளி வைத்தார். என் காரைச் சுற்றி வந்து, முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மேலே ஒரு மாதிரியும் கீழே ஒரு மாதிரியும் இருப்பதைக் கண்டுபிடித்தார். மூன்று வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறேன், எனக்குத் தெரியாது. இப்போது கதவைத் திறக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகிறது.

குற்றம் கண்டுபிடிப்பதுதான் அவர் தொழிலே. வங்காளத்தில் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் எக்ஸாமினர். செய்து முடித்த துப்பாக்கியைச் சோதித்து பாஸ் அல்லது ரிஜெக்ட் என்று முத்திரை குத்துகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகு துப்பாக்கிகள் வருவது நின்றுபோனதால் மனிதர்களைச் சோதிக்க ஆரம்பித்தார். எனக்கும் ஷ்யாமளாவுக்கும் கல்யாணமாகி ஒன்பது வருடம். வாங்க, போங்க, சாப்பிட்டீங்களா என்று மரியாதைக்கு ஒரு குறைவும் கிடையாது. ஆனால் எனக்கு பாஸ் முத்திரை இன்னும் விழவில்லை, அது எனக்கு நன்றாகவே தெரியும்.

அவர் வீட்டில் பெண் எடுத்தவன் என்ற முறையில், அறுபத்திரண்டாம் வருடத்துக் கதையை நான் முப்பது தடவையாவது கேட்டிருப்பேன். பூஜை லீவு முடிந்து தொழிற்சாலை திறந்த முதல் நாள். காலை ஷிஃப்ட்டில் வந்த நாற்பது துப்பாக்கிகளில் ஒன்றில்கூட கேஜ் இறங்கவில்லை. கேஜ் என்பது ஒரு விரல் நீள எஃகுத் தண்டு. அதைக் குழலின் வாயில் வைத்து விட்டுவிட வேண்டும். அழுத்தக் கூடாது, தன் எடையிலேயே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் குழல் இறுக்கம், சுடும்போது வெடிக்கும். நாற்பதையும் ரிஜெக்ட் செய்தார். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்ததெல்லாம் பாஸ். காலை ஷிஃப்ட்டில் குழல் கடைந்தவர் நஞ்சுண்டன். சேலத்துக்காரர், மாமாவுடன் ஒரே குவார்ட்டர்ஸில் இருந்தவர், ஒரே தட்டில் சாப்பிட்டவர். நாற்பது துப்பாக்கியைப் பாழாக்கினார் என்று அவரை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

கதையின் இந்த இடத்தில் மாமா நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். "நட்பு வேற, கேஜ் வேறங்க மாப்ளே."

அடுத்த சில நாட்களில் சீனச் சண்டை வந்தது. எல்லையில் துப்பாக்கி போதவில்லை. மேலதிகாரி அந்த நாற்பதையும் பெட்டியில் போட்டு அனுப்பச் சொல்லிவிட்டார். அனுப்பக் கூடாது என்று மாமா எழுதிக் கொடுத்தார். துப்பாக்கிகள் போய்விட்டன, மாமாவின் பதவி உயர்வு பதினோரு வருடம் நின்றுவிட்டது. நஞ்சுண்டன் சேலத்தில் சைக்கிள் கடை வைத்தார். ஒரே நாற்பது துப்பாக்கிக்காக, அது கெட்டது என்று ஒருவருக்கும், கெட்டது என்று சொன்னதற்காக இன்னொருவருக்கும் தண்டனை கொடுக்க நம் சர்க்காரால் மட்டும்தான் முடியும்.

"எந்தப் பையன் மூஞ்சில வெடிச்சுதோ" என்று சொல்லி மாமா கதையை முடிப்பார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் நடிப்பு இருக்காது. அந்த ஒரு வரிக்காக நான் அவருக்கு மற்றதையெல்லாம் மன்னித்துவிடுவேன்.

தொண்ணூற்றேழு அக்டோபரில், ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம் நடந்தது இது. பூஜைக்கு மாமா என் கம்ப்யூட்டர், கார், புல்வெட்டும் இயந்திரம், ஷ்யாமளாவின் மிக்ஸி எதையும் விடாமல் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார். அலுவலகத்தில் என் பக்கத்து சீட்டுக்காரன் மான் வேட்டைப் பைத்தியம். அவன் படித்துப் போட்ட வேட்டைக்காரர்கள் வாரப் பத்திரிகை ஒன்று எப்படியோ என் பையில் வந்திருந்தது. அச்சடித்த எதையும் மாமா படிக்காமல் விடமாட்டார். விளம்பரப் பக்கத்தில் அவர் விரல் நின்றது.

உலகத்துப் பட்டாளங்கள் கழித்துக் கட்டுகிற துப்பாக்கிகளையெல்லாம் அமெரிக்கர்கள் கப்பல் கப்பலாக வாங்கி ஆசையாக வைத்துக்கொள்வார்கள். விளம்பரம் இதுதான்: இந்திய ராணுவத் துப்பாக்கி, செய்த வருடம் 1962, நூற்றிருபது டாலர், ஜங்ஷன், டெக்சஸ். ஜங்ஷன் என்பது ஊர்ப் பெயர். கூடவே துப்பாக்கியின் நம்பர்.

மாமா நம்பரைப் படித்தார். கண்ணை மூடிக்கொண்டு வேறு சில நம்பர்களை முணுமுணுத்தார். நாற்பதும் அவருக்கு மனப்பாடம்.

"பதினேழாவதுங்க மாப்ளே. காலை ஷிஃப்ட்ல பதினேழாவது" என்றார்.

"அஞ்சு மணி நேரம் டிரைவ் பண்ணணும்பா, ஃபோன் பண்ணிச் சொன்னா போதாதா?" என்றாள் ஷ்யாமளா.

"ஃபோன்ல சொன்னா எவன் நம்புவான்? அந்த ஆளு அதை வச்சுச் சுட்டுக்கிட்டு இருப்பாம்மா. வாங்கி வந்து உடைச்சுப் போட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

அவள் என்னைப் பார்த்தாள். க்ரீன் கார்டு உள்ளவன் நான், துப்பாக்கி என் பெயரில்தான் வாங்க வேண்டும். ஊரில் உள்ள மாப்பிள்ளைகளுக்கெல்லாம் மாமனார் மோதிரம் போடுகிறார். என் மாமனார் எனக்கு ஒரு துப்பாக்கி வாங்கி வைக்கப்போகிறார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எலுமிச்சைச் சாதத்துடன் கிளம்பினோம். ஃப்ரீவேயில் சான் ஆன்டோனியோ தாண்டியதும் ஊரெல்லாம் ஓய்ந்து, சுண்ணாம்புப் பாறையும் குட்டை மரங்களுமாக நிலம் ஏறி இறங்கியது. மாமா மடியில் ஒரு சின்ன மரப்பெட்டி வைத்திருந்தார். உள்ளே அதே கேஜ். ஓய்வு பெற்றபோது தொழிற்சாலை கழித்துப் போட்டதை எழுதிக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். அனுமதிக் கடிதமும் கேஜோடு பெட்டிக்குள்ளேயே இருந்தது. அமெரிக்க சுங்க அதிகாரி கேட்டால் காட்டுவதற்காம்.

"அவருகிட்ட நீங்க என்ன சொல்லப் போறீங்க மாமா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? கேஜ் சொல்லும்."

ஜங்ஷனுக்கு வெளியே, மண் பாதையின் முடிவில் இருந்தது வெல்டனின் வீடு. எழுபது வயதுக்கு மேல் இருக்கும். எண்ணெய்க் கிணறுகளுக்கு உதிரி பாகம் கடைந்து கொடுத்த பட்டறைக்காரராம். வாங்க வருகிறவர்களுக்குச் சுட்டுக் காட்டுவது அவர் வழக்கம். நாங்கள் காரை விட்டு இறங்குவதற்குள் வேலிமேல் பீர் டின்களை வரிசையாக வைத்துவிட்டார்.

"நோ சார்! டோன்ட் ஃபயர்! ரிஜெக்டட் பீஸ்!" என்று மாமா ஓடினார். எனக்குத் தெரிந்து அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

வெல்டனுக்கு அந்த ஆங்கிலம் பிடிபடவில்லை. சிரித்துக்கொண்டே சுட்டார். முதல் டின் பறந்தது. மாமா என்னைச் சட்டையைப் பிடித்து இழுத்து, அங்கே நின்ற வெல்டனின் ட்ரக்குக்குப் பின்னால் உட்கார வைத்தார். இரண்டாவது டின், மூன்றாவது டின். ஒவ்வொரு வெடிக்கும் மாமா கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். திறந்தபோது வெல்டனின் முகம் முழுசாகவே இருந்தது. ஆறாவது டின்னுக்கு மாமாவின் முகத்தில் நிம்மதியைத் தேடினேன். அங்கே இருந்தது ஏமாற்றம். கவனித்துவிட்டதற்கு நான்தான் வெட்கப்பட்டேன்.

"ஒன்பது வருடமாக வைத்திருக்கிறேன். என்னிடம் இருக்கிற ஏழில் இதுதான் நேராகச் சுடும். முட்டி வலி, மான் வேட்டைக்கு இனிப் போக முடியாது. இல்லாவிட்டால் விற்கமாட்டேன்" என்றார் வெல்டன்.

"லக், சார். ஒன்லி லக்" என்றார் மாமா. என் பக்கம் திரும்பி, "கொண்டுவரச் சொல்லுங்க மாப்ளே, காட்டறேன்" என்றார்.

பட்டறைக்குள் போனோம். ரிஜெக்ட் ஆன துப்பாக்கி இது, மாமா அதைச் சோதித்தவர் என்று நான் வெல்டனுக்கு விளக்கினேன். பட்டறைக்காரர் அல்லவா, உடனே மரியாதை வந்துவிட்டது. துப்பாக்கியைத் துடைத்துக் குழல் மேலே பார்க்கும்படி நிறுத்தினார். மாமா பெட்டியைத் திறந்தார், கேஜை எடுத்தார், கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்தார், குழலின் வாயில் வைத்து விரலை எடுத்தார்.

கேஜ் இறங்கவில்லை. குழலின் வாயிலேயே நின்றது.

அந்த நிமிடம் மாமாவைப் பார்க்க வேண்டுமே! வயது இருபது குறைந்துவிட்டது. "பாத்தீங்களா! முப்பத்தஞ்சு வருஷம்! கேஜ் பொய் சொல்லுமா?" என் தோளில் கை வைத்தார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது.

வெல்டன் கேஜை எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நுனியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். கைக்குட்டைக்கு வராமல் காய்ந்து பிடித்திருந்த ஏதோ ஒன்று நகத்தில் மஞ்சளாக ஒட்டியது. முகர்ந்தார்.

"இது என்ன? நல்ல வாசனை" என்றார்.

போன வாரம் பூஜையில் அந்தக் கேஜ் என் மவுஸுக்குப் பக்கத்தில் இருந்தது எனக்கு ஞாபகம் இருந்தது. வெல்டன் ஒரு துணியில் மண்ணெண்ணெயைத் தொட்டு நுனியை அழுத்தித் துடைத்தார், துணி மஞ்சளானது. குழலின் வாயில் கேஜை வைத்து விரலை எடுத்தார். வழுக்கிக்கொண்டு உள்ளே இறங்கியது.

மாமா கேஜை வெளியே எடுத்து மறுபடி விட்டார். இறங்கியது. இன்னொரு தடவை விட்டார். அதற்கும் இறங்கியது.

"என் பட்டறையில் கேஜைத் துடைக்காமல் வைக்கிறவனுக்கு அன்றைக்கே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவேன்" என்று வெல்டன் சிரித்தார். அவருக்கு என்ன தெரியும், பாவம்.

நான் பணத்தைக் கொடுத்தேன். வாங்க வேண்டாமென்று மாமா சொல்வார் என எதிர்பார்த்தேன், சொல்லவில்லை. துப்பாக்கியைப் போர்வையில் சுற்றி டிக்கியில் சாதப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் படுக்க வைத்தோம்.

ஹூஸ்டனுக்குத் திரும்பினோம். கெர்வில் தாண்டியதும் நான் பார்க்காத பக்கமாகத் திரும்பிக்கொண்டு சொன்னார்.

"அங்க எல்லாரும் செப்டம்பர்லயே மிஷினுக்கெல்லாம் விஸ்வகர்மா பூஜை போட்டு முடிச்சிருவாங்க. ஆயுத பூஜை எங்க ரெண்டு பேருக்குந்தான். அந்த வருஷம் கேஜை டிபன் கேரியர்ல வச்சு குவார்ட்டர்ஸுக்குக் கொண்டாந்துட்டனுங்க. பூஜையில வச்சிட்டு, லீவு முடிஞ்சு கொண்டு போனேன்."

"சரி மாமா."

"மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடிச்சா கேஜை மண்ணெண்ணெய்ல போட்டுட்டுப் போறது ரூலு."

காலையில் வந்ததெல்லாம் ரிஜெக்ட், மதியம் வந்ததெல்லாம் பாஸ். முப்பது தடவை கேட்டேனே, இந்த மரமண்டைக்கு உறைத்ததா? சரி, என்னை விடுங்கள். நஞ்சுண்டனின் சைக்கிள் கடை என் கண்முன் வந்து நின்றது. நான் பார்த்திராத கடை. எனக்கு மாமாமேல் கோபம் கோபமாக வந்தது. பக்கத்தில் திரும்பிப் பார்த்தால் கோபப்படும் அளவுக்கு அங்கே ஆள் மிச்சமில்லை.

ஏழு மணிக்கு செகின் பக்கம் பெட்ரோல் போட நிறுத்தினேன். மாமா சட்டைப்பையிலிருந்து டைரியை எடுத்தார்.

"இப்ப ஊர்ல மணி எத்தனைங்க?"

"விடியக்காலம் அஞ்சரை."

"எந்திரிச்சிருப்பான்." டைரியின் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். சேலத்து எண். முப்பத்தைந்து வருடமாகப் பேசாத மனிதரின் எண்ணை ஒவ்வொரு வருடமும் புது டைரியில் எழுதி வைத்திருக்கிறார். அது எதற்கு என்று நான் கேட்கவில்லை.

கடைக்கு வெளியே கூண்டு ஃபோன். காலிங் கார்டைச் சுரண்டி, எண்களைத் தட்டி, ரிசீவரை அவர் கையில் கொடுத்தேன். லைனில் எதிர்முனைக்காரர்கள் கத்திப் பேசுவார்கள், ஓரடி தள்ளி நின்றாலும் கேட்கும்.

"நஞ்சுண்டனா?"

"ஆமா, யாரு?"

"கிட்டு."

டெக்சஸுக்கும் சேலத்துக்கும் நடுவில் இரைச்சல் மட்டும் ஓடியது.

"அந்த நாப்பதும் பாஸ், நஞ்சுண்டா" என்றார் மாமா. "ஒண்ணை இங்க பாத்தேன். கேஜ் இறங்குது. நுனியில சந்தனம் இருந்திருக்கு. எனக்கு இன்னிக்குத்தான்..."

"சந்தனம் அரைச்சவனே நான்தானேடா" என்றது அந்தக் குரல். அதில் கோபம் இல்லை, ஒரு களைப்பு இருந்தது. "மொதத் துப்பாக்கி ரிஜெக்ட் ஆனப்பவே ஓடியாந்து சொன்னேன், கேஜைத் துடைச்சிட்டுப் போடு கிட்டுன்னு. என் வேலையை எனக்கே கத்துக் குடுக்கிறியான்னு கேட்ட."

முப்பது தடவை கேட்ட கதையில் இந்த இடம் ஒரு தடவைகூட வந்ததில்லை. மாமா என்னைப் பார்த்தார், நான் கேட்டுவிட்டேன் என்று அவருக்குத் தெரிந்தது. ரிசீவரை மூடவும் இல்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை.

"காதுல விழலியாக்கும்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டேன். மிஷின் சத்தம் வேற" என்றார் நஞ்சுண்டன்.

மாமா ரிசீவரை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார்.

"விழுந்துச்சு நஞ்சுண்டா" என்றார்.