எழும்பாத விசிறிகள்

கோழிக்கொட்டகையின் வெளிச்சுவரில் பதித்திருந்த, தங்கள் கம்பெனியின் விசிறிக் கட்டுப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, மதுமதி தன் லேப்டாப்பின் வயரை அதில் செருகினாள். பின்னால் அவளுடைய மேலாளர் தீனதயாளன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். சேலத்திலிருந்து காரில் வரும்போதே சொல்லியிருந்தார்: "அந்தம்மா சுவிட்ச அணைச்சதுதான் காரணம்னு சொல்லிட்டுக் கிளம்பிடணும். சாஃப்ட்வேர், கெர்னல் அது இதுன்னு அங்க பேசாத."

போன வாரம் பண்ணைக்காரி சௌந்திரம் தீவனம் எடுக்க நாமக்கல்லுக்குப் போயிருந்தபோது கரண்ட் போனது. பேட்டரியைச் சேமிக்கப் பெட்டி தூக்கத்துக்குப் போய், ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் விழித்தது. திரை விழித்தது. செல்போனுக்குச் செய்தி அனுப்பும் பகுதி விழித்தது. வெப்பத்தை அளந்து விசிறிகளை இயக்கும் மின்னணுப் பலகை மட்டும் எழவில்லை. சௌந்திரத்தின் செல்போன் கொட்டகையின் வெப்பம் இருபத்தெட்டு டிகிரி என்றே காட்டிக்கொண்டிருந்தது. அவள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது, மூடிய கொட்டகைக்குள் பாதிக் கோழிகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் செத்துக் கிடந்தன.

"நான் சுவிட்சுல கை வெச்சேன்னு சொல்றாங்களாமா. ஏனுங்க, எம்பட கோழிய நானே கொல்லுவனா?" என்றாள் சௌந்திரம். அவள் அழவில்லை. பதில் வரும்வரை நகரமாட்டேன் என்பதுபோல் வாசலை அடைத்து நின்றாள்.

மதுமதிக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இயந்திரம் தூங்கி எழும்போது கெர்னல் என்ற அடிப்படை மென்பொருள் அதன் உறுப்புகளை வரிசைப்படி எழுப்ப வேண்டும். முதலில் மின்சாரம் தரும் சில்லு என்கிற சிப், பிறகு அதை நம்பியிருக்கும் பலகை. பலகையை இயக்க அவர்கள் எழுதிய டிரைவர் நிரலோ, சில்லு தயாரா என்று பார்க்காமலே பலகையைக் கூப்பிட்டது. பதில் வராவிட்டால் திரையில் பிழை என்று காட்டாமல், தூங்கும் முன் இருந்த எண்ணையே திரும்பக் காட்டியது. அலுவலகத்து ஏசி அறையில் எத்தனை முறை தூங்கவைத்தாலும் பெட்டி ஒழுங்காக எழுந்தது. அதை வைத்தே தீனதயாளன் அவள் வாயை அடைத்துவிட்டார். ஆனால் வெயிலில் கொதிக்கும்போது அந்தச் சில்லு தாமதிக்கும் என்று அவளுக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"அக்கா, இப்பப் பெட்டியத் தூங்கவெச்சு எழுப்பப் போறேன். விசிறி எழும்பலீன்னா உடனே கைச்சுவிட்சப் போட்டுருங்க."

சௌந்திரம் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டாள். பெட்டி தூங்கியது, எழுந்தது. விசிறிகளும் சுழன்றன. மதுமதி மறுபடி செய்தாள். மறுபடியும் சுழன்றன.

"பாத்தியா? கிளம்பு," என்றார் தீனதயாளன்.

"வெயில் இன்னும் ஏறல சார்."

"கிளம்புன்னு சொல்றேன்."

"நீங்க கார்ல இருங்க. நான் வரல."

அவர் காருக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சௌந்திரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டு, சொம்பில் மோர் கொடுத்தாள். இருவரும் வெயிலுக்காகக் காத்திருந்தார்கள். அது மெல்ல நகர்ந்து சுவர் முழுவதையும் பிடித்துக்கொண்டது. பெட்டியின் மூடியில் கை வைக்க முடியவில்லை.

மதுமதி மீண்டும் அதைத் தூங்கவைத்து எழுப்பினாள். திரை பளிச்சென்று வந்தது. பழைய எண் அப்படியே நின்றது. விசிறிகளின் இரைச்சல் வரவில்லை. உள்ளே கோழிகளின் கொக்கரிப்பு மட்டும் கூடிக்கொண்டே போனது.

"அட பாவிகளா!" என்று சௌந்திரம் சுவிட்சை அடித்துப் போட்டாள். காற்று சீறிக் கிளம்பியது.

சத்தம் கேட்டு தீனதயாளன் ஓடிவந்தார். லேப்டாப்பில் ஓடிய உள்பதிவில் பலகை பதில் தரவில்லை என்ற வரியைப் படித்ததும் அவர் குரல் தணிந்தது. "சரி, ஆபீஸ்ல பேசிக்கலாம். மேல இருக்கறவங்க முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் வெளிய ஒரு வார்த்தை போகக்கூடாது."

"இதே பெட்டி இருக்கற எல்லாக் கொட்டகையிலயும் இப்ப இதே வெயில்தான் சார் அடிக்குது."

"வேலை போயிடும், மதுமதி."

"போகட்டும் சார்." அவள் சௌந்திரத்திடம் திரும்பினாள். "அக்கா, பண்ணைக்காரங்க குரூப் உங்க போன்ல இருக்குங்களா?"

சௌந்திரம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை வாய்க்கருகே பிடித்தாள். "எல்லாருக்கும் சௌந்திரம் பேசறனுங்க. கரண்டு போயி வந்துச்சுன்னா இந்தப் பெட்டிய நம்பாதீங்க. ஓடிப் போயி விசிறியக் கையில போட்டு உடுங்க. கம்பெனிக்காரப் புள்ளயே இங்க ஒக்காந்து சொல்லுது." செல்போனை மதுமதியிடம் நீட்டினாள். "நீயும் பேசு சாமி."

தீனதயாளன் தலையை அசைத்து வேண்டாம் என்றார். மதுமதி அவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "என் பேரு மதுமதி. இந்தப் பெட்டியோட டிரைவர் புரோகிராம எழுதற டீம்ல இருக்கறேன். தப்பு எங்களோடதுங்க. அக்கா எதுலயும் கை வெக்கல."

அவர் விடுவிடுவென்று காருக்குப் போனார். அவள் மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, சில்லு தயார் என்று சொல்லும்வரை காத்திருக்கும்படி டிரைவரைத் திருத்தத் தொடங்கினாள். காரிலிருந்து ஹாரன் நீளமாக அலறியது. கொட்டகைக்குள் கோழிகள் திடுக்கிட்டுக் கலைந்தன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி, வெக்கையில் திறந்திருந்த அலகுகளை மூடி, காற்று வரும் பக்கமாகக் கழுத்தை நீட்டின. ஹாரன் மறுபடி அலறியது. இந்த முறை ஒரு கோழியும் திரும்பவில்லை.