உப்பின் கண்

சிலோலி பாலைவனத்தின் சரிவில் வண்டி இறங்கத் தொடங்கியதும் நெமேசியா மறுபடி பாட ஆரம்பித்தாள். துபீசா நகரத்திலிருந்து கிளம்பி அது மூன்றாவது நாள். "வலக்கையில வளையல் போடு ராசா" என்று அவள் இழுத்ததும், அவளுடைய அண்ணன் இலாரியோன் ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தான். ஆளுயரப் பாறை ஒன்று இடது ஜன்னலை ஒட்டிக் கடந்து போனது. "மெல்ல வா ராசா" என்றதும் வேகம் குறைந்தது. முன்சக்கரங்கள் ஒரு வறண்ட ஓடையில் இறங்கி ஏறின. சுற்றுலா வந்து பின்னால் உட்கார்ந்திருந்த பெல்ஜியத்துச் சகோதரிகள் இருவருக்கும் கெச்சுவா மொழி தெரியாது. முன்னால் உட்கார்ந்து வரும் சமையல்காரிக்கு நல்ல குரல் என்று முதல் நாளே கைதட்டியிருந்தார்கள்.

இந்தப் பாட்டு ஒன்றரை வருடமாக நடக்கிறது. இலாரியோன் முப்பது வருடம், கண்ணுக்கெட்டிய தூரம் உப்பே தரையாக உறைந்த உப்புவெளியில் வண்டி ஓட்டியவன். அங்கே வெயில் மேலிருந்து மட்டும் அடிப்பதில்லை. தரையில் பட்டுக் கீழிருந்தும் அடிக்கும். தொப்பி போட்டுப் பயனில்லை. மூக்கின் உட்புறம்கூட வெந்து தோலுரியும். அந்த வெளிச்சத்தை வருடக்கணக்கில் வாங்கிய கண்ணில் மூக்குப் பக்கமாக ஒரு சதை முளைக்கும்; மெல்ல மெல்லக் கருவிழியின் மேல் ஊர்ந்து ஏறும். அவனுக்கு அந்தச் சதையும் வளர்ந்திருந்தது, அதற்குப் பின்னால் புரையும் விழுந்திருந்தது. மலை தெரியும். வானமும் தரையும் பிரியும் இடம் தெரியும். கல் தெரியாது, பள்ளம் தெரியாது, எதிரில் நிற்பவரின் முகம் தெரியாது. ஆனால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஓட்டுநரை அந்த ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்? எல்லோரும்தான் போட்டிருக்கிறார்கள்.

கண் போன பிறகும் கை போகவில்லை. ஸ்டியரிங்கின் நடுக்கத்தை வைத்தே அடியில் இருப்பது கெட்டி மணலா, சரளையா, மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும் சேறா என்று சொல்லிவிடுவான். மணல் வந்தால் இறங்கி டயர்களின் காற்றைக் கொஞ்சம் திறந்துவிடுவான். காற்று குறைந்த டயர் பரந்து மணலை மிதிக்கும், புதையாது. எவ்வளவு திறக்க வேண்டும் என்பதற்கு அவனுக்கு மானி தேவையில்லை. சீறும் சத்தமே போதும். கல்லும் பள்ளமும் மட்டும்தான் அவனுக்கு எட்டாமல் போய்விட்டன. அவற்றைத் தங்கை பாடினாள்.

சுக்ரே நகரத்து ஆஸ்பத்திரியில் அறுவை செய்துகொள்ளலாம் என்று அவள் சொல்லாத நாளில்லை. செய்தால் மூன்று மாதம் வெயிலில் தலைகாட்டக் கூடாது. மூன்று மாதம் வண்டி நின்றால் பயண அலுவலகம் வேறு வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அண்ணன் இல்லாவிட்டால் அந்த அடுப்பும் சட்டியும் தங்கைக்கும் இல்லை. இந்த சீசன் முடியட்டும் என்பான். போன மாதம் அவனுடைய ஓட்டுநர் உரிமம் காலாவதியானது. புதுப்பிக்கக் கண் பரிசோதனை வேண்டும். அதையும் இந்த சீசன் முடியட்டும் என்றான்.

மதியம் காற்று அரித்த பாறைகளுக்குப் பின்னால் அடுப்பை மூட்டி, உலர்ந்த லாமா இறைச்சியைச் சோளத்தோடு வேகவைத்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது பயணி அவள் பக்கத்தில் வந்து குந்தினாள். பெயர் யோலாந்தா. கோச்சபாம்பா நகரத்துப் பள்ளி ஆசிரியை. மூன்று நாளாக ஸ்பானிஷ் தவிர வேறு பேசாதவள். தட்டை நீட்டியபடியே அவள் கெச்சுவாவில் கேட்டாள்.

"ஏங்க்கா, உங்க பாட்டுல வர்ற ராசாவுக்கு எத்தன வலக்கை? காலையிலேர்ந்து பதினஞ்சு வளையல் போட்டாச்சு."

நெமேசியாவின் கரண்டி நின்றது. பிறகு தானாகச் சுழன்றது.

"பழைய பாட்டும்மா. அப்படித்தான் வரும்."

"எங்கம்மா சந்தையில உருளைக்கிழங்கு வித்தவ. எனக்குத் தெரியாத பழைய பாட்டா?" யோலாந்தா சிரிக்கவில்லை. "அண்ணனுக்கு எவ்வளவு தெரியும்? அத மட்டும் சொல்லுங்க."

அவருக்கு எல்லாம் தெரியும், முப்பது வருடம் ஓட்டியவர் என்று நெமேசியா பதில் சொன்னாள். வேண்டுமென்றே கேள்வியை வேறாக எடுத்துக்கொண்டாள் என்பது இருவருக்கும் புரிந்தது. யோலாந்தா தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஆனால் வண்டியில் ஏறும்போது நடு வரிசையிலிருந்து எழுந்து, இலாரியோனுக்கு நேர் பின்னால் மாறி உட்கார்ந்தாள்.

அன்று மாலை உப்புவெளியின் தெற்குக் கரையில், உப்புக் கட்டிகளை அடுக்கிக் கட்டிய விடுதியில் தங்கினார்கள். பிப்ரவரி மாதம். உப்பின் மேல் மழைநீர் தேங்கி, கரையிலிருந்து பார்த்தால் தரையே இல்லாமல் வானம் மட்டும் இருந்தது. மற்ற ஓட்டுநர்கள், நாளை உயூனி நகரம் வழியாகத் தரைச் சாலையில் சுற்றிப்போய், உப்புவெளியின் கிழக்குக் கரையிலுள்ள கொல்சானியில் கரையோரம் மட்டும் இறங்குவதாகப் பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவன், "இலாரியோன் அண்ணனுக்கு என்ன, கண்ணக் கட்டிவிட்டாக்கூடக் குறுக்கால போயிருவாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். இலாரியோனும் சிரித்தான்.

சமையல்கட்டில் நெமேசியா ஆசிரியை கேட்டதைச் சொன்னாள். அவன், களைப்புத் தெரியாமலிருக்க மெல்லும் கொக்கா இலையைக் கன்னத்தில் ஒதுக்கி மெதுவாக மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"நாளைக்குச் சுத்திப் போவோம்ண்ணே. எல்லாரோடயும்."

"சுத்திப் போனா சோதனைச் சாவடி. உரிமத்தக் கேப்பான். குறுக்காலதான் போறோம். தண்ணி ஒரு சாண்தான் இருக்கு."

"உன் கண்ண வெச்சுக்கிட்டு..."

"கண்ணு, கண்ணு, கண்ணு." அவன் குரலை உயர்த்தவில்லை. "அந்தப் பொம்பளைக்குப் பாஷை தெரியும்னு நீதானே சொன்ன? நாளைக்கு வண்டிக்குள்ள பாட்டுக் கிடையாது. கண்ணுங்கிற பேச்சு உன் வாயில வரக் கூடாது. உப்புல கல்லு இருக்கா, பள்ளம் இருக்கா? மலையப் பாத்துப் போற வழி. மலை எனக்குத் தெரியும், புள்ள."

அவன் சொன்னதில் பொய் இல்லை. உப்புவெளியில் சாலை கிடையாது. வடக்கே துனுபா எரிமலை நிற்கிறது. அதை இடது தோளுக்கு நேராக வைத்துக்கொண்டே போனால் கொல்சானிக் கரை வந்துவிடும். புரை விழுந்த கண்ணுக்கும் மலை ஒரு கருநீலத் திட்டாகத் தெரியும்.

நான்காம் நாள் காலை கிளம்பும் முன் அவன் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தான். வண்டியின் அடிவயிறு முழுக்கக் கழிவு எண்ணெயைப் பூசினான். உப்புநீர் பட்டால் இரும்பு வருடத்துக்குள் அப்பளமாகிவிடும். முன்பக்கம் தார்ப்பாயைக் கட்டினான். தண்ணீர் தெறித்து மின்கம்பிகளில் காய்ந்தால் உப்பே அவற்றை இணைத்துவிடும், எஞ்சின் அணைந்துவிடும். ஆள் நடக்கும் வேகத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக மட்டுமே ஓட்டினான். அதற்கு மேல் போனால் தண்ணீர் அலையாக எழும். பெல்ஜியத்து அக்காள் இரண்டாம் நாளிலிருந்தே, உயரத்தால் வரும் மலைநோயில் வாந்தியெடுத்துச் சோர்ந்திருந்தாள். அவளுடைய தங்கை படமெடுத்துக்கொண்டிருந்தாள். மேகம் தண்ணீருக்குள் கிடந்தது. வண்டி அதன் மேல் போனது.

பதினொரு மணி வரைக்கும் துனுபா தெரிந்தது. பிறகு மேற்கிலிருந்து வந்த கருமேகம் அதன் தலையை மூடியது, தோளை மூடியது, கடைசியில் மலையே இல்லை. இலாரியோனின் தாடை அசைவதை நிறுத்தியதை நெமேசியா பார்த்தாள். கன்னத்தில் இலை அப்படியே இருந்தது.

உப்புவெளியிலும் ஒரே ஒரு வகைப் பள்ளம் உண்டு. பல அடி கனத்த உப்புப் பாறைக்கு அடியில் நிலத்தடி நீர் ஓடுகிறது. எங்காவது நல்ல தண்ணீர் ஊறி மேலே முட்டினால், அந்த இடத்து உப்பு உள்ளிருந்தே கரையும். மேலே ஒரு துளை விழும், துளையைச் சுற்றி வெற்றிலைபோல மெல்லிய விளிம்பு மட்டும் மிஞ்சும். ஆள் நின்றால் தாங்கும், வண்டி ஏறினால் தாங்காது. மழையில்லாத மாதங்களில் கறுப்பு வட்டமாகத் தெரியும். மழைக்காலத்தில் நீருக்கடியில் மறைந்துவிடும். மேற்பரப்பு ஒரு பாய் அகலத்துக்கு லேசாக நடுங்கும், நடுவில் இரண்டு மூன்று குமிழிகள். நம் ஊரில் ஊற்றுக்கண் என்கிறோம். அந்த ஊரிலும் அதைக் கண் என்றுதான் சொல்வார்கள்.

முப்பது அடி முன்னால் நெமேசியா அந்த நடுக்கத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, கண்ணு."

அவன் முகம் இறுகியது. பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்குப் பாஷை தெரியும்.

"வாய மூடு."

"கண்ணு, அண்ணே, கண்ணு..."

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல."

வலது முன்சக்கரம் உள்ளே போனது. வண்டி முட்டிபோட்டதுபோல முன்னால் சாய்ந்தது. கூரை மேலிருந்த எரிவாயு உருளை கயிற்றை இழுத்து உறுமியது. பிறகு அசைவில்லை. குமிழிகள் வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எல்லோரும் இறங்கினார்கள். விளிம்பு எதுவரைக்கும் மெலிந்திருக்கிறது என்று தெரியாததால், நெமேசியா கடப்பாரையால் குத்திப் பார்த்து, கெட்டியான இடமாகக் காட்டி அவர்களை நிறுத்தினாள். ஜாக்கியை உப்பின் மேல் வைத்தால் அதுவே கீழே இறங்கிவிடும். அதனால் மாற்றுச் சக்கரத்தைப் படுக்கப் போட்டு, அதன் மேல் பலகை வைத்து, பலகையின் மேல் ஜாக்கியை நிறுத்தினான் இலாரியோன். இதையெல்லாம் தடவியே செய்தான், ஒரு தடவைகூடத் தவறவில்லை. சக்கரம் எழும்பியதும் அடியில் இரண்டு பலகைகளைச் செருகினார்கள். உப்புநீர் கைவெடிப்புகளில் நெருப்பாக எரிந்தது. இரண்டு மணிநேரம் ஆயிற்று. வண்டி பின்னால் நகர்ந்து வெளியே வந்தபோது மேற்கே முதல் மின்னல் வெட்டியது.

அந்தத் தட்டை வெளியில் எல்லாவற்றையும்விட உயரமானது அந்த வண்டிதான். இடி வரும்போது யாரும் உப்புவெளியில் நிற்பதில்லை.

இலாரியோன் வண்டியைச் சுற்றி வந்தான். வந்த தடம் தண்ணீருக்குள் மறைந்திருந்தது. நான்கு பக்கமும் ஒரே சாம்பல். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தான். அந்த வெள்ளைப் படலத்தை மற்றவர்கள் அப்போதுதான் பார்த்தார்கள். அவன் தங்கை நின்ற திசைக்குக் கொஞ்சம் விலகிய ஓர் இடத்தைப் பார்த்து, எல்லோருக்கும் புரியும்படி ஸ்பானிஷில் கேட்டான்.

"எந்தப் பக்கம்?"

யோலாந்தா கண்களை மூடித் திறந்தாள். பெல்ஜியத்து அக்காள் தங்கையிடம் என்னவோ கேட்டாள். பெல்ஜியத்துத் தங்கை தானே ஓட்டுவதாகச் சொல்லிச் சாவியை வாங்கி ஏறி உட்கார்ந்தாள். ஆசிரியைக்கோ நெமேசியாவுக்கோ வண்டி ஓட்டத் தெரியாது. வண்டி இருபதடி போயிருக்கும். முன்கண்ணாடியில் மேலும் கீழும் ஒன்றுபோல இருந்தது; நகர்கிறதா நிற்கிறதா என்பதே அவளுக்குத் தெரியவில்லை. உப்பு அடியில் நொறுங்கும் சத்தம் கேட்டதும் அலறிப் பிரேக்கை மிதித்தாள். அது வெறும் மேல்தோல்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று இலாரியோன் வெளியிலிருந்தே சொன்னான். அவள் இறங்கிவிட்டாள்.

"அவரே ஓட்டட்டும்" என்றாள் யோலாந்தா. "ஆனா நீங்க உள்ள உக்காரக் கூடாதுக்கா. முன்னாடி நடங்க."

நெமேசியா அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். செருப்பைக் கழற்றினாள். உப்பின் மேற்பரப்பு அறுகோணமாக வெடித்து, ஓரங்கள் கத்திபோல எழும்பியிருக்கும். ஆனால் மழையில்லாத மாதங்களெல்லாம் வண்டிகள் போன தடத்தில் அந்த ஓரங்கள் தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத தடம் உள்ளங்காலுக்குத் தெரியும். அங்குமிங்கும் நடந்து, அந்த வழவழப்பைக் கண்டுபிடித்தாள். அது கொல்சானிக்குப் போகும் தடமா, வேறெங்காவதா என்று கால் சொல்லாது. சிவப்பு நெய்த போர்வையை முதுகில் விரித்துக் கட்டிக்கொண்டாள்.

"தெரியுதா அண்ணே?"

"செவப்பா ஒண்ணு தெரியுது."

"நான் கையத் தூக்கினா நிப்பாட்டு."

அவன் தலையாட்டினான். மற்ற மூவரும் வண்டியில் ஏறினார்கள்.

கடப்பாரையைக் குத்தியபடி அவள் நடந்தாள். பின்னால் எஞ்சின் முனகியது. வண்டி தள்ளும் தண்ணீர் சிறு அலையாக வந்து கணுக்காலுக்கு மேலே தொட்டது. அலை மெலிந்தால் அவன் பின்தங்குகிறான்; கனத்தால் நெருங்குகிறான். திரும்பிப் பார்த்தால் தடத்தை விட்டுவிடுவாள் என்பதால் அலையை வைத்தே அவனைக் கணக்குப் பார்த்தாள். ஒரு கிலோமீட்டர், இரண்டு. கால் வெடிப்புகளில் ஏறிய உப்பு முதலில் எரிந்தது, பிறகு மரத்தது. மரத்த காலுக்கு வழவழப்பும் சொரசொரப்பும் ஒன்றுபோலத் தோன்ற ஆரம்பித்தன. மழை விழுந்தது. பெரிய துளிகள்; வண்டிக்குள் கண் தெரிந்தவர்களுக்கும் இனி அவள் மங்கல்தான். சுற்றிலும் தண்ணீர் முழுக்க நடுங்கியது, எங்கு பார்த்தாலும் குமிழிகள். போர்வை நனைந்து, சிவப்பு போய்க் கறுத்துக்கொண்டு வந்தது.

கடப்பாரை ஓரிடத்தில் தட்டாமல் இறங்கியது. முழங்கை வரைக்கும் போனது.

அவள் கையைத் தூக்கினாள். பின்னாலிருந்து வந்த அலை கெண்டைக்காலில் மோதியது. கையை இன்னும் உயர்த்தி விரித்துப் பிடித்தாள். அடுத்த அலை முழங்காலுக்கு ஏறியது.