அப்பால போடு

கட்டம் போட்டுக் கண்டுபிடிக்கிற புதிர் என்றால் எனக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். நாலு பேர், நாலு ஊர், நாலு வண்டி. யார் எந்த ஊர், யாரிடம் எந்த வண்டி என்று கேட்பார்கள். துப்பை மட்டும் அரையும் குறையுமாகக் கொடுப்பார்கள். இல்லாததற்குப் பெருக்கல் குறி, இருப்பதற்கு டிக். படப்பையில் கம்பெனி பஸ் ஏறி மொபைலைத் திறந்தால், ஒரகடத்தில் இறங்குவதற்குள் ஒரு புதிரை முடித்துவிடுவேன். கம்பெனியில் என் வேலையும் ஏறக்குறைய அதுதான். குவாலிட்டியில் நின்று, லைனில் வருகிற பாகத்தைத் திருப்பிப் பார்த்து, இது போகும், இது போகாது என்று ஒதுக்குவது. மனிதர்களையும் அப்படியே ஒதுக்கிவிடுகிற கெட்ட குணம் எனக்கு உண்டு. காவேரி வாயில் விழாதே என்று லைனில் சொல்லிக்கொள்வார்கள்.

என் தம்பி செந்தமிழனுக்காக ஒரு கட்டம் போட வேண்டிவரும் என்று நான் நினைத்ததில்லை.

அவன் அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிட்டர். கன்வேயரின் கடைசியில், பாகங்களைத் தூக்கி இறக்குகிற லிஃப்ட் ஒன்று உண்டு. ஒரு நாள் டீ நேரத்தில் அது சிக்கி நின்றது. சரிபார்க்கக் கீழே படுத்து உள்ளே போனான். லிஃப்ட் இறங்கியது. அதற்கு மேல் அதை எழுத எனக்குத் தெம்பில்லை.

சுவிட்சை அணைக்காமலே உள்ளே போயிருக்கிறான், அவன் கவனக்குறைவுதான் காரணம் என்று விசாரணையை முடித்தார்கள். அதோடு விட்டிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். தினமும் காலையில் வேலை தொடங்குமுன் எங்களை வரிசையில் நிறுத்திப் பாதுகாப்புப் பாடம் படிப்பார்கள். சூப்பர்வைசர் தசரதன்தான் தாளைப் பார்த்துப் படிப்பார். இப்போது அந்தப் பாடத்தில் என் தம்பி பெயரைச் சேர்த்துவிட்டார்கள். மெஷினை அணைக்காமல் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்குச் செந்தமிழன் ஓர் உதாரணம் என்று அவர் படிப்பார். முடிந்ததும் எல்லோரும் கையை உயர்த்தி உறுதிமொழி சொல்ல வேண்டும். நானும் கையை உயர்த்துவேன். வீட்டுக்கு வந்ததும் தம்பி மனைவி சத்யப்பிரியா, இன்றைக்கும் படித்தார்களா என்று கேட்பாள். படித்தார்கள் என்பேன். அவள் உள்ளே போய்விடுவாள்.

வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்கே மெயினை இறக்குகிறவன் அவன். நட்ட நடு வெயிலில் ஃபேன் நின்று, நாங்கள் அவனைத் திட்டாத நாள் இல்லை. அவனா அணைக்காமல் போனான்? அணைத்துவிட்டுத்தான் போயிருப்பான். பிறகு யாரோ போட்டிருக்கிறார்கள். அந்த யாரோவைப் பிடித்தால் என் தம்பி பெயர் அந்தத் தாளிலிருந்து போய்விடும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அந்த நேரத்தில் அந்த இடத்து வேலையில் இருந்தவர்கள் நாலு பேர். தசரதன், வெல்டிங் செய்கிற மாரி, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற வசந்தகுமார், கான்ட்ராக்டில் புதிதாகச் சேர்ந்த இசக்கி. நாலு பேரும் விசாரணையில் ஒரே பதிலைச் சொன்னார்கள். டோக்கன் எடுத்துக்கொண்டு வெளியே போயிருந்தோம், மெஷின் பக்கம் யாரும் இல்லை.

எங்கள் லைனில் டோக்கன் இல்லாமல் நகர முடியாது. ஆணியில் மூன்று பிளாஸ்டிக் வில்லை தொங்கும். டீக்கு ஒன்று, ஸ்டோருக்கு ஒன்று, பாத்ரூமுக்கு ஒன்று. ஓர் இடத்துக்கு ஒரு நேரத்தில் ஒருவர்தான். சூப்பர்வைசரும் அதற்கு விலக்கல்ல. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த புண்ணியவானே தசரதன்தான்.

மூன்று டோக்கனில் நாலு பேர் எப்படிப் போவார்கள்?

இது தசரதனுக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் யாரோ சுவிட்சைப் போட்டார்கள் என்று வந்தால், அடுத்த கேள்வி பூட்டு எங்கே என்பதாக இருக்கும். மெஷினுக்குள் போகிறவர் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பது விதி. எங்கள் கம்பெனியில் அந்தப் பூட்டெல்லாம் தசரதனின் கண்ணாடி அலமாரியில் கொலு வைத்த மாதிரி இருக்கும். ஆடிட் வந்தால் மட்டும் வெளியே வரும்.

காலண்டர் தாளைத் திருப்பிப்போட்டுக் கட்டம் வரைந்தேன். இடப்பக்கம் நாலு பெயர். மேலே டீ, ஸ்டோர், பாத்ரூம், மெஷின். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தசரதனுக்கு நேராக, மெஷின் கட்டத்தில் டிக் விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் வரைந்தேன்.

முதலில் ஸ்டோர். கான்ட்ராக்ட் ஆளுக்கு அங்கே ஒரு நூல்கூடக் கொடுக்க மாட்டார்கள். இசக்கிக்குப் பெருக்கல். தசரதன் எதற்கும் ஆளைத்தான் அனுப்புவார், தானே போய் நிற்கிற வழக்கம் இல்லை. அவருக்கும் பெருக்கல். மீதி மாரியும் வசந்தகுமாரும். அந்த டீ நேரத்தில் என்ன கொடுத்தீர்கள் என்று ஸ்டோர்காரரிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். வெல்டிங் கையுறை ஒரு ஜோடி என்றார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவனுக்கு வெல்டிங் கையுறை எதற்கு? ஸ்டோருக்குப் போனது மாரி.

அடுத்தது பாத்ரூம். அன்று லாரித் தண்ணீர் வரத் தாமதமாகி, சரியாக டீ நேரத்தில் குழாய் நின்றது. கொஞ்ச நேரத்தில் வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச நேரத்தில் மாட்டியவனுக்குத்தான் அது தெரியும். எங்கள் பஸ்ஸில் வருகிற வசந்தகுமார், கம்பெனியைத் திட்டக் காரணம் தேடும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லுவான். கையில் சோப்போடு நின்றானாம். அவனுக்குப் பாத்ரூமில் டிக்.

மீதி இரண்டு பேர், இரண்டு இடம். தசரதன், இசக்கி. டீ, மெஷின்.

இங்கே நான் நின்றுவிட்டேன். கேன்டீனில் டீ ஊற்றுகிற சந்திரம்மாளிடம் ஒரு வார்த்தை கேட்டால் முடிந்துவிடும். கேட்கப் போவதும் திரும்புவதுமாக நாளைக் கடத்தினேன்.

இசக்கிக்குத் திருநெல்வேலிப் பக்கம். முப்பது வயதைத் தாண்டியவன். தம்பி இறப்பதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் சேர்ந்தான். ஒரகடத்தில் தன் ஊர்க்காரர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். தம்பிக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. சாவுக்கு வந்து, பாடையைத் தோள் மாற்றாமல் சுமந்தவன் அவன். அதன் பிறகு ஞாயிறு தவறாமல் ஷேர் ஆட்டோ பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவான். தண்ணீர் கேனை மாடிக்கு ஏற்றுவான், மோட்டாரைப் பார்ப்பான், ஒட்டடை அடிப்பான். சாப்பிடு என்றால் மட்டும் "பொறவு சாப்பிடுதேன்க்கா" என்று படி இறங்கிவிடுவான். அந்தப் பொறவு ஒரு ஞாயிறும் வந்ததில்லை. இவனல்லவா மனுஷன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் சந்திரம்மாளிடம் கேட்டே விட்டேன். அன்னைக்கு அந்த நேரத்தில் எங்கள் லைனிலிருந்து டீக்கு வந்தது யார்?

"உங்க சூப்ரவைசருதாம்மா. சக்கர இல்லாம ஒண்ணு குடுன்னாரு. குடிச்சிக்கினு இருக்க சொல்லோதான் அந்தப் பக்கம் சத்தம் கேட்டுச்சி."

தசரதன் டீயில். கட்டத்தில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. வேறு எந்தப் புதிரிலும் கடைசி டிக்கைப் போடும்போது எனக்கு ஒரு சந்தோஷம் வரும். இதைப் போடும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது.

அடுத்த ஞாயிறு இசக்கி தண்ணீர் கேனை இறக்கிவைத்ததும், மாடி வராந்தாவில் உட்காரச் சொன்னேன். உள்ளே சத்யா சமைத்துக்கொண்டிருந்தாள். இன்று சாப்பிடாமல் போகக் கூடாது என்று தட்டை அவன் முன்னால் வைத்தேன். பிறகு குரலைத் தாழ்த்தி, சுவிட்சைப் போட்டது நீதானே என்று கேட்டேன்.

அவன் மறுக்கவில்லை. கேட்பதற்காகவே இத்தனை ஞாயிறும் வந்துகொண்டிருந்தவன் மாதிரி தலையை ஆட்டினான்.

"அண்ணன்தான்க்கா போடச் சொன்னாவ. கீழ படுத்துக் கெடந்தாவ. சுவிட்சப் போடட்டுமாண்ணேன்னு கேட்டேன். அப்பால போடுன்னாவ. இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு, ரெண்டு சுவிட்சு உண்டும்லா, எதப் போட்டாலும் ஓடும். நான் அப்பால போயி அந்தப் பக்கத்து சுவிட்சப் போட்டேன்."

எங்கள் பக்கத்தில் அப்பால என்றால் பிறகு. அப்பால வா, அப்பால பாத்துக்கலாம், அப்பால துன்னலாம் என்று நாளெல்லாம் வாயில் புழங்குகிற சொல். அவன் ஊரில் அப்பால என்றால் அந்தப் பக்கம். பிறகு போடு என்று சொன்னான் என் தம்பி. அந்தப் பக்கத்துச் சுவிட்சைப் போடு என்று கேட்டுக்கொண்டான் இவன். எங்கே சிக்குகிறது என்று பார்க்க, பிட்டர்கள் கீழே இருந்தபடியே மெஷினைப் போடச் சொல்வதும் உண்டு. அதனால் இவனுக்குச் சந்தேகம் வரவில்லை.

ஏன் விசாரணையில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அந்த வாரம் வீட்ல சண்டைன்னு அண்ணன் எல்லார்ட்டயும் பொலம்புனாவல்லா. அவியளே போடச் சொன்னாவன்னு நான் சொன்னா, வேணும்னே உசுர விட்டாவன்னு பேச மாட்டாவளா? உள்ள இருக்க அந்தப் பிள்ள தாங்குமா? அதான் வாயத் தொறக்கல." தட்டின் விளிம்பை விரலால் தேய்த்தான். "ஆனா இன்னைக்கி வரைக்கும் வெளங்கலக்கா. கீழ கெடந்துக்கிட்டு அண்ணன் ஏன் அப்படிச் சொன்னாவ?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. அவன் அப்படிச் சொல்லவே இல்லையடா என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். என் தம்பி பெயர் தாளிலிருந்து போய்விடும். கூடவே, நண்பன் கேட்டான், செய்தோம் என்று உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிற இவன், தன் கையாலேயே நண்பனைக் கொன்றவன் ஆகிவிடுவான். தசரதன் மேல் எனக்கிருந்த கோபத்தை வைத்துக்கொண்டு இவனை அடிக்க எனக்கு மனம் வரவில்லை. என் தம்பி போய்விட்டான். பெயரை அவர்கள் படித்துவிட்டுப் போகட்டும், நான் கையை உயர்த்திவிட்டுப் போகிறேன். அந்த நிமிடத்தில் அப்படித்தான் முடிவு செய்தேன்.

"தெரியலப்பா" என்றேன். "அவனுக்கு இன்னா தோணுச்சோ."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். இந்த முகத்தோடு அவனைச் சத்யா பார்த்துவிடக் கூடாதே என்று எனக்குப் பதற்றம். அப்போது பார்த்து அவள் உள்ளேயிருந்து கேட்டாள்.

"அண்ணி, சோறு போடட்டா?"

"அப்பால போடு" என்றேன்.

வாயை மூடுவதற்குள் சொல் வெளியே போய்விட்டது. உள்ளே பானையை மூடுகிற சத்தம் கேட்டது. சத்யா முந்தானையில் கையைத் துடைத்தபடி எங்களைத் தாண்டி, மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். அவள் படியேறுவதை இசக்கி பார்த்தான். தன் காலித் தட்டைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். என் முகத்தில் என்ன இருந்ததோ, அதை அவன் படித்துவிட்டான்.

"பொறவு போடுன்னா சொன்னாவ?" என்று கேட்டான்.

அவன் தட்டை எடுத்துச் சுவரோரமாகச் சாய்த்துவைத்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு படி இறங்கினான். இசக்கி, இசக்கி என்று தெருமுனை வரைக்கும் பின்னாலேயே ஓடினேன். ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தவன், "நாளைலேர்ந்து அண்ணன் பேரப் படிக்க மாட்டாவக்கா" என்று மட்டும் சொன்னான்.

அவன் நேராகக் கம்பெனிக்குத்தான் போயிருக்கிறான். மறுநாள் எங்கள் வரிசையில் அவன் இடம் காலியாக இருந்தது. அவனைப் போலீஸ் கூட்டிக்கொண்டு போனதாகப் பேசிக்கொண்டார்கள். தசரதன் புதுத் தாளைப் பிரித்தார். அனுமதி இல்லாமல் சுவிட்சைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கான்ட்ராக்ட் தொழிலாளி இசக்கி ஓர் உதாரணம் என்று, அதே குரலில் படித்தார். அவருக்குப் பின்னால் அலமாரியில் பூட்டுகள் அப்படியே இருந்தன. எல்லோரும் கையை உயர்த்தினார்கள். என் கையும் பழக்கத்தில் உயர்ந்துவிட்டது.

அன்று மாலை சத்யா வழக்கம்போலக் கேட்டாள். இல்லை, இன்றைக்குப் படிக்கவில்லை என்றேன். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள். அழுது ஓய்ந்த பிறகு, முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அப்போ யாரு பேரைப் படிச்சாங்க அண்ணி?"

அப்பால சொல்றேன் என்றுதான் நாங்கள் சொல்லுவோம். அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

"பொறவு சொல்றேன்" என்றேன்.